ஓட்டமும் சர்க்கரையும்: நீரிழிவு உள்ளவர்கள் பாதுகாப்பாக ஓடுவது எப்படி?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியளவில், 48 வயதுடைய பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். உடன் வந்தவர் உறவினர் அல்லர். சாலையோரத் தேநீர்க் கடைக்காரர். ஓடிக்கொண்டிருந்தவர் திடீரெனத் தடுமாறி நடைபாதையில் அமர்ந்துவிட்டார் என்றும், கேட்ட கேள்விகளுக்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னார் என்றும், குடித்திருக்கிறார் என்று நினைத்து இருவர் விலகிச் சென்றுவிட்டனர் என்றும் கடைக்காரர் கூறினார். அந்தக் கடைக்காரரின் தாயாருக்கும் சர்க்கரை நோய் உண்டு. ஆசிரியரின் கை நடுக்கத்தையும், பார்வை நிலைகொள்ளாமல் அலைந்ததையும் கண்டு ஐயம் கொண்ட அவர், சர்க்கரை கரைத்த நீரைப் பருகக் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி அழைத்து வந்துவிட்டார். இங்கு வந்து சேர்ந்தபோது ஆசிரியரின் சர்க்கரை அளவு 58. உணவு கொடுத்ததும் அது 100ஐத் தாண்டியது. ஒன்றரை மணி நேரத்தில் மீண்டும் 61க்கு இறங்கியது. ஒரு நாள் முழுவதும் அவரை மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிக்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை அவருடைய மனைவி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நடக்கச் சொன்னீர்கள், நடந்தார். ஓடினால் இன்னும் நல்லது என்றீர்கள், ஓடினார். இப்படியும் ஆகலாம் என்று மட்டும் ஏன் சொல்லவில்லை, டாக்டர்?"

அவருடைய கோப்பைப் புரட்டிப் பார்த்தோம். ஆறு வருகைகளிலும் "உடற்பயிற்சி தொடரவும்" என்று எழுதியிருந்தோம். அந்த ஓராண்டில் அவருடைய எடை 7 கிலோ குறைந்திருந்தது. நடை ஓட்டமாக மாறியிருந்தது. மாத்திரையின் அளவு மட்டும் மாறவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், எப்போது ஓடுகிறீர்கள், மாத்திரை போட்ட பிறகா முன்பா என்று நாங்கள் கேட்கவே இல்லை. அந்த அம்மையாரின் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டியவற்றை, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். ஓடுவது தவறன்று. நீரிழிவு உள்ளவர்களின் இதயத்திற்கும் இரத்தக் குழாய்களுக்கும் எடைக்கும் மனத்திற்கும் ஓட்டம் நன்மை செய்கிறது. இன்சுலின் நன்கு வேலை செய்யவும் அது துணைபுரிகிறது. ஆனால் ஓட்டமும் ஒரு மருந்தைப் போன்றதே. அதற்கும் அளவு உண்டு, நேரம் உண்டு, மற்ற மருந்துகளோடு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவையும் உண்டு.

ஓடும்போது உடலுக்குள் நடப்பது என்ன?

ஒரு மனிதனின் இரத்தம் முழுவதிலும் எந்த நேரத்திலும் சுழன்றுகொண்டிருக்கும் சர்க்கரை, சுமார் ஒரு தேக்கரண்டி அளவே. ஆனால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ 60 கலோரி செலவாகிறது. இரத்தத்தில் உள்ளதை மட்டும் நம்பினால் ஓட்டம் சில நிமிடங்களில் நின்றுவிடும். ஆகவே தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தையும், உடலில் உள்ள கொழுப்பையும் உடல் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

இயங்கும் தசைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஓய்வில் இருக்கும் தசைக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். சுருங்கி விரியும் தசையோ, இன்சுலின் இல்லாமலேயே தன் கதவுகளைத் திறந்து, இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கிறது. நீரிழிவு இல்லாதவர் ஓடத் தொடங்கியதும் கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. குளுக்ககான் என்னும் மற்றொரு சுரப்பு கல்லீரலைத் தூண்டி, செலவாகும் அளவுக்குச் சர்க்கரையை வெளிவிடச் செய்கிறது. வரவும் செலவும் சமமாக இருப்பதால் சர்க்கரை அளவு பெரிதும் மாறுவதில்லை.

ஊசி வழியாக இன்சுலின் போட்டுக்கொண்டவரின் நிலை வேறு. தோலுக்கு அடியில் செலுத்தப்பட்ட இன்சுலினை, ஓடத் தொடங்கிவிட்டோம் என்பதற்காகத் திரும்ப எடுக்க முடியாது. அது தசைக்குள் சர்க்கரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கல்லீரல் சர்க்கரை வெளிவிடுவதையும் தடுத்துக்கொண்டே இருக்கும். கணையத்தை இன்சுலின் சுரக்கும்படி வலிந்து தூண்டும் சில மாத்திரைகளும் இதையே செய்கின்றன. செலவு பெருகி வரவு அடைபடும்போது சர்க்கரை சரிகிறது. இதுவே தாழ்சர்க்கரை.

மருத்துவ உலகம் இதை வெகுகாலமாக அறிந்துள்ளது. மனிதருக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில். 1926ஆம் ஆண்டிலேயே, இலண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ், அதே அளவு இன்சுலின் உடற்பயிற்சியோடு சேரும்போது சர்க்கரையைக் கூடுதலாகக் குறைக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அவரும் நீரிழிவு உள்ளவர். 1923இல் இன்சுலின் பெறத் தொடங்கியவர். நீரிழிவு இல்லாத ஓட்டக்காரர்களும் இதற்கு முற்றிலும் விலக்கல்லர். 1924இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த சிலரின் இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், சோர்ந்து தடுமாறியவர்களின் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருப்பதைக் கண்டனர். மறு ஆண்டு, ஓட்டத்திற்கு முன் மாவுச்சத்து மிகுந்த உணவும், ஓட்டத்தினிடையே மிட்டாயும் கொடுத்தபோது அந்நிலை தவிர்க்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட அந்தப் பாடத்தையே இன்றும் நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்கிறோம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

நீரிழிவு உள்ள எல்லோருக்கும் ஓடும்போது சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்தைப் பொறுத்தது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். இம்மாத்திரைகளால் ஏற்படும் தாழ்சர்க்கரைக்கு மற்றொரு குணமும் உண்டு: ஒருமுறை சரிசெய்த பின்னும் பல மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும். மேலே சொன்ன ஆசிரியருக்கு நேர்ந்தது அதுவே. அன்று அவர், "மறந்துவிடக் கூடாதே" என்று கிளிமிபிரைடு மாத்திரையைக் கடுங்காப்பியோடு விழுங்கிவிட்டு, வேறெதுவும் உண்ணாமல் 9 கிலோமீட்டர் ஓடப் புறப்பட்டிருந்தார்.

மெட்பார்மின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் ஆகியவற்றை மட்டும் எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. டாபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்றவை தனியாகச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்துவதில்லை. ஆனால் சிறுநீர் வழியே சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுபவை. வெயிலில் நீண்ட தூரம் ஓடும்போது உடலில் நீர் வற்றலாம். அரிதாக, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். இம்மாத்திரைகளை எடுப்பவர் நீண்ட ஓட்டத்திற்குப் பின் வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்குதல் ஆகியவற்றை உணர்ந்தால், "சர்க்கரை 200தானே" என்று ஆறுதல் கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பலரிடம் உள்ள மாத்திரை ஒன்றல்ல. இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் கலந்திருக்கும். அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள பெயர்களைப் படித்துப் பாருங்கள். புரியாவிடில் எங்கள் மருந்தகத்தில் காட்டிக் கேளுங்கள்.

ஓடத் தொடங்கும் முன் பரிசோதிக்க வேண்டியவை

நடையிலிருந்து ஓட்டத்திற்கு மாற விரும்புவோர் ஒருமுறை எங்களிடம் வந்து மூன்று உறுப்புகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இதயம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பின் அறிகுறிகள் வலியின்றியும் வரலாம். வழக்கத்திற்கு மாறான மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி, சிறு உழைப்பிலேயே பெருஞ்சோர்வு ஆகியவை இருந்தால் ஓடவே கூடாது. வயது, நீரிழிவின் காலம், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கருதி, இதயப் பரிசோதனைகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டாவது, கண். விழித்திரையில் புதிய, நொய்ந்த இரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தால், கடுமையான உழைப்பும் அதிர்வும் கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். அத்தகையோர் கண் மருத்துவரின் சிகிச்சை முடியும்வரை ஓட்டத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

மூன்றாவது, பாதம். உணர்ச்சி குறைந்த பாதத்திற்குக் காலணிக்குள் புகுந்த சிறு கல் கூடத் தெரியாது. ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அது புண்ணாகிவிடும். ஒவ்வொரு முறையும் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிய பின்னரே அணியுங்கள். பருத்தி மட்டுமன்றி, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் காலுறையைத் தேர்ந்தெடுங்கள். ஓடிய பின் பாதத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடியின் உதவியோடு பாருங்கள். வெறுங்காலுடன் ஓட வேண்டாம். ஆறாத புண் இருக்கும்வரை ஓட்டமே வேண்டாம்.

குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணும், எடுக்க வேண்டிய முடிவும்

இன்சுலினோ மேற்சொன்ன தூண்டல் மாத்திரைகளோ எடுப்பவர்கள், ஓடப் புறப்படும் முன் கட்டாயம் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். கீழே உள்ள அளவுகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகில் தரப்பட்டுள்ளன. இவை பொதுவான வழிகாட்டுதல். உங்களுக்கென மருத்துவர் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

70க்குக் கீழே: இது தாழ்சர்க்கரை. ஓட்டத்தை மறந்து, முதலில் அதற்குச் சிகிச்சை செய்யுங்கள்.

70 முதல் 89 வரை: புறப்பட வேண்டாம். 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 90ஐத் தாண்டி ஏறுமுகமாக இருந்தால் மட்டுமே தொடங்குங்கள்.

90 முதல் 125 வரை: 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, எடுத்துக்காட்டாகப் பாதி வாழைப்பழம், உண்டுவிட்டுப் புறப்படலாம்.

126 முதல் 180 வரை: ஓடுவதற்கு ஏற்ற அளவு. சர்க்கரை கைவசம் இருக்கட்டும்.

181 முதல் 270 வரை: மெதுவான ஓட்டத்தைத் தொடங்கலாம். கூடுதல் உணவு தேவையில்லை.

270க்கு மேல்: காரணத்தைத் தேடுங்கள். சற்றுமுன் உண்ட உணவா, மறந்துபோன ஊசியா, காய்ச்சலா? முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் கீட்டோன் சோதனை செய்ய வேண்டும். இரத்தக் கீட்டோன் 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பயிற்சி கூடவே கூடாது; மருத்துவரை அழைக்க வேண்டும். 0.6க்கும் 1.5க்கும் இடையில் இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்த பிறகே ஓட்டம்.

இன்னொரு விதியும் உண்டு. கடந்த 24 மணி நேரத்திற்குள், பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்திருந்தால், இன்றைய எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்று ஓடக் கூடாது. ஒருமுறை தாழ்ந்த சர்க்கரை, அடுத்த தாழ்வை எதிர்த்துப் போராடும் உடலின் ஆற்றலை மழுங்கச் செய்துவிடும். எச்சரிக்கை அறிகுறிகளும் மங்கிவிடும்.

இன்சுலினையும் மாத்திரையையும் எவ்வாறு மாற்றுவது?

இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். எங்களோடு பேசிச் செய்யுங்கள். ஆயினும் எந்த அடிப்படையில் மாற்றுகிறோம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

உணவு உண்டு இரண்டு மணி நேரத்திற்குள் ஓடுவதாக இருந்தால், அவ்வுணவுக்கான விரைவு இன்சுலினை, ஓட்டத்தின் வேகத்தையும் நேரத்தையும் பொறுத்து, 25 முதல் 75 விழுக்காடு வரை குறைக்க நேரிடும். இன்சுலின் பம்ப் பயன்படுத்துவோர், ஓடும் நேரத்தில் அல்ல, அதற்கு 60 முதல் 90 நிமிடம் முன்னதாகவே அடிப்படை அளவைக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே செலுத்தப்பட்ட இன்சுலின் அடங்க அவ்வளவு நேரம் ஆகும்.

காலை, இரவு என இருவேளை கலப்பு இன்சுலின் போடுபவர்கள் நம்மிடையே பலர். அதில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, ஊசி போட்டுப் பல மணி நேரம் கழித்தே உச்சத்தை அடைகிறது. இரவு 9 மணிக்குப் போட்ட ஊசி, அதிகாலை வரையிலும் வேலை செய்துகொண்டிருக்கலாம். "இன்னும் காலை ஊசி போடவில்லையே" என்று எண்ணி வெறும் வயிற்றில் நெடுந்தூரம் ஓடுவது அவர்களுக்குப் பாதுகாப்பன்று.

தூண்டல் மாத்திரை எடுப்பவர்கள், பொதுவாக, ஓடி முடித்து, காலை உணவுக்கு அமரும்போது அதை எடுத்துக்கொள்வது நல்லது. ஓட்டம் வழக்கமாகி எடை குறையத் தொடங்கினால் மாத்திரையின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும். "சர்க்கரை நன்றாக இருக்கிறது, அதே மாத்திரை தொடரட்டும்" என்று எண்ணாமல், எடை 3 அல்லது 4 கிலோ குறைந்தாலே எங்களிடம் வாருங்கள்.

ஓடும் நாளில் தொடையில் ஊசி போட வேண்டாம், வயிற்றில் போடுங்கள். இயங்கும் தசைக்கு அருகில் செலுத்திய இன்சுலின் வேகமாக இரத்தத்தில் கலந்துவிடும். வெப்பமும் அவ்வாறே செய்யும். கோடையில், வெயில் ஏறும் முன் ஓடி முடித்துவிடுங்கள். இன்சுலின் பேனாவையும் சோதனைப் பட்டைகளையும் வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். சூட்டில் இரண்டுமே கெட்டுவிடும்.

ஓடும்போது

முப்பது நிமிடத்திற்கு மேல் ஓடுபவர்கள், தொடக்கத்தில் சில வாரங்களாவது, அரை மணிக்கு ஒருமுறை நின்று சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் உடல் எவ்வளவு வேகமாகச் சர்க்கரையைச் செலவிடுகிறது என்பதை வேறெவரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. ஓடிய தூரம், நேரம், முன்னும் பின்னும் உள்ள அளவு, உண்டது, போட்ட மருந்து ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், நான்கைந்து ஓட்டங்களிலேயே ஓர் ஒழுங்கு புலப்படும்.

ஒரு மணி நேரத்திற்கு மேல் நீளும் ஓட்டத்தில், உடலில் இன்சுலின் மிகுந்திருக்கும் வேளையானால், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படலாம். அதைச் சிறுசிறு பகுதிகளாக 20 நிமிடத்திற்கு ஒருமுறை எடுத்துக்கொள்வது வயிற்றுக்கு இதமானது.

தோலில் ஒட்டும் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியை அணிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது இரத்தத்தை அளப்பதில்லை. தோலடி நீர்மத்தை அளக்கிறது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது கருவி காட்டும் எண், உண்மையான அளவுக்குப் பல நிமிடங்கள் பின்தங்கி இருக்கும். கருவி 95 என்று காட்டி, அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால், இரத்தத்தில் அது ஏற்கெனவே 75 ஆகியிருக்கலாம். எண்ணோடு அம்புக்குறியையும் படியுங்கள். உடல் ஒன்று சொல்லிக் கருவி வேறொன்று காட்டினால், விரல்நுனி இரத்தத்தைச் சோதியுங்கள்.

தாழ்சர்க்கரையை அறிவதும் சரிசெய்வதும்

வியர்வை, படபடப்பு, நடுக்கம், பசி, தலைச்சுற்றல் ஆகியவையே பொதுவான அறிகுறிகள். ஓடுபவருக்கு இங்குதான் சிக்கல்: ஓடினாலே வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கால் சோர்கிறது. ஆகவே வேறு அடையாளங்களையும் கவனியுங்கள். காரணமின்றிக் கால்கள் கனப்பது, வேகம் திடீரெனக் குறைவது, உதடும் நாவும் மரத்துப்போவது, பார்வை மங்குவது, எத்தனையாவது சுற்று என்ற கணக்குத் தப்புவது, உடன் ஓடுபவர் மீது எரிச்சல் வருவது ஆகியவை மூளைக்குச் சர்க்கரை போதவில்லை என்பதன் குறிப்புகள். இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ மெட்டோபிரலால், புரோபிரனலால் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளிப்படாமலே போகலாம்.

ஐயம் வந்தவுடன் நின்றுவிடுங்கள். "இன்னும் அரை கிலோமீட்டர்தானே" என்ற எண்ணமே பலரை வீழ்த்துகிறது. 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் 3 தேக்கரண்டித் தூளை, நீரில் கரைத்துப் பருகுங்கள். 15 நிமிடம் அமர்ந்திருங்கள். மீண்டும் சோதியுங்கள். 70ஐத் தாண்டவில்லையெனில் அதையே திரும்பச் செய்யுங்கள். சரியான பின் ஏதேனும் சிற்றுண்டி உண்ணுங்கள். அன்றைய ஓட்டத்தை அத்துடன் முடித்துக்கொள்வதே நல்லது.

எதை உண்பது என்பதிலும் கவனம் தேவை. சாக்லேட்டிலும் கடலை மிட்டாயிலும் கொழுப்பு இருப்பதால் அவற்றின் சர்க்கரை தாமதமாகவே இரத்தத்தில் சேரும். இளநீரில் உள்ள சர்க்கரையின் அளவு காய்க்குக் காய் மாறுபடும். தாகத்திற்கு அது நல்லது, அவசரத்திற்கு அதை நம்ப முடியாது. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் வெல்லமும் விரைவில் பலன் தரா. அவை செரிப்பதையே அம்மருந்து தாமதப்படுத்துகிறது. அவர்கள் குளுக்கோஸ் தூளையே வைத்திருக்க வேண்டும்.

சில வேளை சர்க்கரை ஏறுவது ஏன்?

"ஓடினேன், 140ஆக இருந்தது 210 ஆகிவிட்டதே" என்று சிலர் கலங்கி வருகின்றனர். குறுகிய தூரத்தை முழு வேகத்தில் ஓடும்போதும், போட்டி நாளின் பதற்றத்திலும், அட்ரினலின் சுரந்து, தசைக்குத் தேவையானதைவிடக் கூடுதலான சர்க்கரையைக் கல்லீரல் வெளிவிடுகிறது. இது தற்காலிகமானது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஏறியதைக் கண்டு அவசரமாகக் கூடுதல் இன்சுலின் போட்டுக்கொள்வது, பின்னர் ஆழ்ந்த தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடக்கூடும். நிதானமாக நடந்து உடலைத் தணித்து, ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்து, அதன் பின் முடிவெடுங்கள்.

ஓட்டம் முடிந்தாலும் அதன் விளைவு முடிவதில்லை

செலவாகிப் போன கிளைக்கோஜனைத் தசைகள் பல மணி நேரம் மெல்ல மெல்ல நிரப்பிக்கொண்டிருக்கும். இன்சுலினுக்கு உடல் கூடுதலாகச் செவிசாய்க்கும் நிலை 24 மணி நேரமும், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். மாலையில் நெடுந்தூரம் ஓடியவருக்கு நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, உறக்கத்தின் நடுவே, சர்க்கரை தாழ்வது இதனால்தான். இன்சுலின் போடுபவர்கள், மாலையில் ஓடிய நாளில், படுக்கும் முன் கட்டாயம் சோதிக்க வேண்டும். தேவைக்கேற்பச் சிற்றுண்டியும், மருத்துவரின் அறிவுரைப்படி இரவு அடிப்படை இன்சுலினில் சுமார் 20 விழுக்காடு குறைப்பும் உதவும். ஓடிய மகிழ்ச்சியில் மது அருந்துவதை அறவே தவிருங்கள். மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரையை உருவாக்குவதைத் தடுத்துவிடும்.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள்

உங்கள் வீட்டில் ஒருவர் ஓடப் போகிறார் என்றால், எந்த வழியில் போகிறார், எப்போது திரும்புவார் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கைபேசி, குளுக்கோஸ் தூள், "எனக்கு நீரிழிவு உள்ளது, நான் தடுமாறினால் குளுக்கோஸ் கொடுங்கள்" என்று தமிழில் எழுதிய அட்டை ஆகிய மூன்றும் அவரிடம் உள்ளனவா என்று பாருங்கள். உடன் ஓடும் நண்பர் ஒருவருக்காவது நீரிழிவைப் பற்றிச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவில் அவர் அமைதியின்றிப் புரண்டாலோ, உடல் சில்லிட்டு வியர்த்தாலோ, உளறினாலோ, எழுப்பிச் சோதியுங்கள். தாழ்சர்க்கரையில் இருப்பவர், "எனக்கு ஒன்றுமில்லை, போ" என்று சினந்து பேசக்கூடும். அது அவருடைய பேச்சன்று. சர்க்கரை போதாத மூளையின் பேச்சு. பொறுமையாக, ஆனால் விடாமல், குளுக்கோஸ் கொடுங்கள்.

அவர் நினைவிழந்து இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குளுக்ககான் மருந்து வீட்டில் இருந்து, அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் பெற்றிருந்தால் செலுத்துங்கள். 108ஐ அழையுங்கள்.

அந்த ஆசிரியர் இப்போதும் ஓடுகிறார். அவருடைய கிளிமிபிரைடு பாதியாகக் குறைக்கப்பட்டு, ஓட்டத்திற்குப் பின் உண்ணும் காலை உணவோடு சேர்க்கப்பட்டுள்ளது. அவரது கால்சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது. மற்றொன்றை அந்தத் தேநீர்க் கடையில் கொடுத்து வைத்திருக்கிறார். எங்கள் புறநோயாளர் பிரிவிலும் ஒரு மாற்றம் செய்துள்ளோம்: "உடற்பயிற்சி தொடரவும்" என்று எழுதும் முன், என்ன பயிற்சி, எந்த நேரம், எவ்வளவு தூரம், மருந்துக்கு முன்பா பின்பா என்று கேட்கிறோம். அடுத்த முறை வரும்போது நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே சொல்லுங்கள்.